அல்லிக்குளத்தில் தெரிந்த வீடு

வேம்பனூர் அல்லிக்குளத்தில், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், வானம் தெரிய வேண்டிய இடத்தில் சௌந்தரவல்லியின் வீடு தெரிந்தது.

வீடு என்றால் வெளிப்புறம் இல்லை. ஓடும் வாசலும் ஊரே பார்த்ததுதான், அதைக் காட்ட ஒரு குளம் எதற்கு? தெரிந்தது உள்ளே. கூரையைப் பிரித்து மேலிருந்து எட்டிப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி, அடுப்பும், கவிழ்த்து வைத்த பால் சட்டியும், கொடியில் காயும் பச்சைப் பாவாடையும், சுருட்டி வைத்த பாயும், பாய்க்குப் பக்கத்தில் ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, பழைய சோற்றில் மோரை ஊற்றி, மோர்மிளகாயை முதலில் முகர்ந்து பார்த்துவிட்டுப் பிறகு கடிக்கிற சௌந்தரவல்லியுமாக எல்லாம் தெரிந்தது.

முதலில் பார்த்தவள் பூக்காரி மாடத்தி. கூடையை அலசக் குனிந்தவள், "இன்னைக்கு இவ கடைக்குக் கிளம்ப நேரமாயிரும் போலயே" என்று சொல்லிக்கொண்டே அலசி முடித்துப் படியேறினாள். ஏறின பிறகுதான் பார்த்தது என்னவென்று உறைத்தது. திரும்ப இறங்கி ஒரு முறை பார்த்துவிட்டு, எதிரே குடத்தோடு வந்தவளிடம் சொன்னாள், குடக்காரி டீக்கடையில் சொன்னாள், கோயிலில் உச்சிகாலப் பூசை முடிவதற்குள் நாலு பக்கப் படிக்கட்டிலும் ஆள் நின்றது. ஏன் இந்த வீடு, ஏன் இந்தக் குளம் என்று கேட்டவர்கள் ஓரிரு நாள் கேட்டார்கள். பிறகு, இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

சௌந்தரவல்லிக்கு நாற்பத்தைந்து வயது. கல்யாணமாகிப் போன ஊரிலிருந்து இரண்டு வருடத்தில் திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று யாருக்கும் அவள் சொன்னதில்லை. அது அவளுடைய விஷயம். இந்தக் கதையும் அவளிடம் அதைக் கேட்காது. வந்த நாள் முதல் தேரடியில் வைரவன் மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்கிறாள். சீட்டை நீட்டுகிற கை நடுங்கினால் அந்தக் கையை அவள் பார்க்கமாட்டாள். யாருக்கு என்று கேட்கமாட்டாள். தூக்க மாத்திரை, தோல் களிம்பு, நாள் தள்ளிப்போடும் மாத்திரை, வேறு யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாத எதுவானாலும், பழைய நாளிதழில் இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே நூலைக் கட்டி, இருமல் மருந்து கொடுக்கிற அதே முகத்தோடு கொடுப்பாள். வாங்கினவர்களை வழியில் கண்டால் உடம்பு எப்படி இருக்கிறது என்றுகூட விசாரிக்கமாட்டாள். அவளுக்குத் திமிர் என்று ஊர் சொல்லும். சொல்லிவிட்டு அவளிடமே போய் வாங்கும்.

குளத்து விஷயம் அவள் காதுக்கு வந்த விதம் இது. ஒருத்தி கவுண்டரில் சாய்ந்துகொண்டு, "ஏன் சௌந்தரம், நீ ரசத்துக்குப் பெருங்காயமே போடறதில்லையா?" என்றாள். தன் காதில்தான் தப்பாக விழுந்தது என்று சௌந்தரவல்லி நினைத்தாள். அடுத்து வந்தவர், "ஒத்தக்காலை நீட்டி உக்காராதீங்க, மூட்டு போயிரும்" என்றார். மூன்றாவதாகக் கடை முதலாளி வைரவனே, சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "குளத்துல உன் வீடு தெரியுதும்மா. நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காத. நாங்க யாரும் தப்பா பாக்கலை" என்றார்.

அன்று சாயந்தரம் அவள் குளத்துப் பக்கம் போகவில்லை. நேரே வீட்டுக்கு வந்து, உத்திரத்துக்கு உத்திரம் கயிறு கட்டிப் போர்வைகளை விரித்துத் தலைக்கு மேல் பந்தல் மாதிரி மறைத்தாள். போர்வை குளத்துக்குத் தெரியவில்லை, அவள் தெரிந்தாள். விளக்கை அணைத்தாள். தண்ணீர் தானாகவே வெளிச்சமானது. மறுநாள் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குள், அடுப்படியில், ஒரு கையால் தோசை வார்த்தாள். குளம் குடையைக் கண்ணாடியாக்கிக் காட்டியது. அன்றைக்குப் படிக்கட்டில் சிரித்துச் சிரித்து ஒருவர் பல்செட்டைத் தண்ணீரில் விட்டுவிட்டார்.

குளிக்கிற இடம் மட்டும் கொல்லையில் தனியாக இருந்தது. அதைக் குளம் காட்டவில்லை. ஊர் இதைப் பெரிய நிம்மதியாக எடுத்துக்கொண்டது. "அசிங்கமா ஒண்ணும் தெரியலையே, அப்புறம் என்ன?" என்றார்கள். திங்கிறது, தூங்குறது, தலை சீவுறது, இதெல்லாம் யார் வீட்டில் இல்லை, இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள். யாரும் மறுக்காததால் அதுவே தீர்ப்பு ஆனது.

அந்தக் குளத்தை எத்தனையோ வருடமாக யாரும் தூர்வாரியதில்லை. ஆகாயத்தாமரை மண்டி, பிளாஸ்டிக் பை மிதந்து, கோழிக்கடைக் கழிவு ஒதுங்கிக் கிடந்த குளம் அது. இப்போது இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பெரிய வீட்டு ஆட்களும் கீழத்தெரு ஆட்களும் ஒன்றாக நின்று தாமரையைப் பிடுங்கிக் கரையில் போட்டார்கள், சௌந்தரவல்லியின் முகம் தெரிகிற இடத்தில் ஒரு இலைகூட மிச்சமில்லாதபடி. உடைந்த படிகளுக்குச் சிமெண்டு பூசினார்கள். கிழக்குப் படியில் பெண்கள், தெற்குப் படியில் ஆண்கள் என்று தானாகவே ஒரு ஒழுங்கு வந்தது. கடலை வறுக்கிறவன் வந்தான், டீ கேன் வந்தது. சோறு உண்ண அடம்பிடிக்கிற பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் வந்து, "அங்க பாரு, சௌந்தரம் அத்தை எப்படிச் சமத்தா சாப்புடுது, ஒரு வாய் வாங்கிக்கோ" என்று ஊட்டினார்கள். பிள்ளைகள் வாங்கிக்கொண்டன. ஊரில் சண்டை குறைந்தது. வரப்புத் தகராறில் பேச்சை விட்ட அண்ணன் தம்பி இரண்டு பேர், அவள் வெங்காயத்தை நறுக்குகிற விதம் சரியில்லை என்பதில் ஒத்துப்போய், ஒரே படியில் உட்கார ஆரம்பித்தார்கள்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வெறும் கஞ்சி குடித்தாள் என்றால் மறுநாள் காலையில் வாசலில் ஒரு தூக்குச் சட்டியில் சாம்பார் இருக்கும். ஒருநாள் எதையோ நினைத்துக் கொஞ்சம் அழுதாள், கண்ணீர் காய்வதற்குள் மூன்று பெண்கள் காப்பியோடு உள்ளே வந்து, ஒருத்தி முதுகைத் தடவ, ஒருத்தி கதவைச் சாத்த, ஒருத்தி, "சொல்லு, எதுக்கு அழுத? அவனை நினைச்சா? சொன்னாத்தான பாரம் குறையும்" என்று மடியில் கை வைத்தாள். அதற்குப் பிறகு சௌந்தரவல்லி அழவில்லை. தனக்குள் பேசிக்கொள்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. குளத்தில் சத்தம் கேட்காது, ஆனால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பொன்னம்பலம் உதட்டசைவைப் பார்த்து இன்ன சொல் என்று சொல்லத் தேர்ச்சி பெற்றுவிட்டார் என்று தெரிந்ததும் அதையும் விட்டாள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். சொறிந்துகொள்ளவில்லை. தூங்கும்போது வாய் திறந்துவிடுமோ என்று சேலைத் தலைப்பால் முகவாயைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்குள் ஒரு விருந்தாளியைப் போல இருக்கக் கற்றுக்கொண்டாள்.

அப்படியிருந்தும் கடையில் எதுவும் மாறவில்லை என்பது வேடிக்கை. மத்தியானம் படிக்கட்டில் உட்கார்ந்து அவள் தூங்குகிற அழகைப் பேசினவள், சாயந்தரம் கடையில் கூட்டம் குறைகிற வரைக்கும் ஓரமாக நின்று, குரலைத் தாழ்த்தி ஒரு மருந்தைக் கேட்டு, "யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கா" என்பாள்.

"சொல்லமாட்டேன்" என்று சௌந்தரவல்லி நூலைக் கட்டுவாள்.

அவளிடமும் ஒன்று இருந்தது, ஊர் அதுவரை பார்த்திராத ஒன்று. சிங்காரம் என்று ஒரு பஸ் கண்டக்டர், பெண்சாதியை இழந்தவர், மகன்கள் மருமகள்கள் பேரப்பிள்ளைகள் என்று நிறைந்த வீட்டில் படுக்க ஒரு மூலை இல்லாதவர். தலைவலி மாத்திரை வாங்க வந்து பழக்கமானவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், ஊர் உண்ட மயக்கத்தில் இருக்கும்போது, கொல்லை வழியாக வருவார். அவள் போடுகிற சோற்றைச் சாப்பிடுவார். சாப்பிட்டுவிட்டுத் தரையில் வெறும் சிமெண்டில் படுத்துத் தூங்குவார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான். வெயில் இறங்கினதும் எழுந்து முகம் கழுவிக்கொண்டு, "இந்த ஒரு தூக்கத்துலதான் சௌந்தரம் ஏழு நாளு வண்டி ஓடுது" என்று சொல்லிவிட்டுப் போவார். அதற்கு என்ன பெயர் என்று இருவரும் பேசிக்கொண்டதில்லை. பெயர் வைக்காததால்தான் அது அவர்களுடையதாக இருந்தது.

குளம் காட்டத் தொடங்கிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. வரக்கூடாது என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் கை பழக்கத்தில் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டது, இரண்டு தட்டை வைத்துவிட்டது. வைத்த பிறகு எடுத்தால் அதுவும் தெரியுமே என்று, இரண்டிலும் பரிமாறி, இதில் ஒரு வாயும் அதில் ஒரு வாயுமாகச் சாப்பிட்டு முடித்தாள்.

ஊர் அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை. இரண்டாவது தட்டு யாருக்கு? புருசன் ஞாபகம் என்றார்கள் சிலர். செத்துப்போன தாய்க்கு என்றார்கள் சிலர். மாடத்தி, "பைத்தியம் பிடிக்குறதுக்கு முந்தி எங்க சித்தியும் இப்படித்தான் ரெண்டு தட்டு வச்சா" என்று பயந்தாள். கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் மருந்தை வாங்கிவிட்டு ஒரு நிமிடம் கூடுதலாக நின்றார்கள். அவள் நூலைக் கட்டி நீட்டினாள். அடுத்த ஞாயிறு ஒரு தட்டுதான் வைத்தாள்.

மாசி பிறந்து, வெயில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்ன தோன்றியதோ, உலை வைக்காமல் கதவைப் பூட்டிக்கொண்டு அவள் குளத்துக்கு நடந்தாள். படிக்கட்டு நிறைந்திருந்தது. அவளைப் பார்த்ததும் எல்லோரும் கொஞ்சம் நெளிந்தார்கள், தேர்வு எழுதும் இடத்துக்கு வினாத்தாளே நடந்து வந்த மாதிரி.

"இங்க வந்துட்டா எப்படி? நீங்க அங்க இருந்தாத்தான இங்க தெரியும்" என்று ஒருவர் உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

அவள் தண்ணீரைப் பார்த்தாள். ஆள் இல்லாத தன் வீட்டை மேலிருந்து முதல் முறையாகப் பார்த்தாள். அது எவ்வளவு சிறியது, தலையணையில் தன் தலை அமுங்கிய பள்ளம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று பார்த்தாள். பார்வையை எடுத்துத் தெற்குப் படிக்குத் திருப்பினபோது சிங்காரத்தைக் கண்டாள். மடியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, எலுமிச்சைச் சோற்றில் கை வைத்தபடி, அவர் உட்கார்ந்திருந்தார்.

பெண்கள் யாரும் இறங்காத அந்தப் பக்கத்தில் அவள் இறங்கினாள்.

"நீங்களுமா?"

அவர் கையை உதறினார். சோறு தண்ணீரில் விழுந்தது. "வீட்டுக்கு வந்தா ஊரே பாக்கும் சௌந்தரம். இங்கன்னா கூட்டத்தோட கூட்டமா…" குரல் இறங்கியது. "நீ சாப்புடுறப்ப நானும் சாப்புடுவேன். ஒண்ணா உக்காந்து சாப்புட்ட மாதிரி இருக்கும். வேற ஒண்ணும் இல்ல."

"உங்களுக்கு அப்படி இருக்கும். எனக்கு?"

அவர் டிபன் பாக்ஸை மூடினார். அது பிரியம்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. சாம்பார் கொண்டுவந்தவர்களும் முதுகைத் தடவினவர்களும் பிரியம் என்றுதான் சொன்னார்கள் என்பதும் நினைவுக்கு வந்தது. திரும்பிப் படியேறும்போதுதான் கவனித்தாள், நாலு பக்கமும் கடலை மெல்லுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. இரண்டாவது தட்டு யாருடையது என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. காட்டிக்கொடுத்தது குளம் இல்லை, அவள்தான்.

சிங்காரத்தின் மகன்கள் அவரை விருப்ப ஓய்வு வாங்க வைத்து, திருப்பூரில் இருந்த கடைசி மகன் வீட்டுக்கு அனுப்பினார்கள். போகிற அன்றைக்கு அவர் அவளைப் பார்க்க வரவில்லை. எங்கே வருவது?

சித்திரையில் குளம் வற்றியது. வற்ற வற்ற வீடும் சுருங்கியது. முதலில் வாசற்பக்கம் சேற்றில் போனது, பிறகு அடுப்படி, பிறகு கொடி. கடைசியில் ஒரு தாம்பாளம் அளவுக் கலங்கல் தண்ணீரில் அவள் பாயும் பாயில் அவள் பாதமும் மட்டும் தெரிய, அதைச் சுற்றி ஊர் முழங்கால் சேற்றில் முண்டியடித்து நின்றது. அதுவும் ஒருநாள் மண்ணானது. அன்றைக்குச் சாயந்தரம் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் சோறு உண்ணவில்லை. அண்ணனும் தம்பியும் வரப்பை நினைத்துக்கொண்டார்கள். நகராட்சித் தண்ணீர் லாரி, குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த தெருக்களைத் தாண்டிப் போய், குளத்தில் கொட்டியது. காத்திருந்த பெண்கள் ஏன் என்று கேட்கவில்லை. கொட்டிய தண்ணீரில் வானம் தெரிந்தது. மேகம் தெரிந்தது. "இது யாருக்கு வேணும்?" என்று ஒருவர் கல்லை விட்டெறிந்தார்.

பிறகு அவர்கள் அவள் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் வார்டு உறுப்பினர் அமிர்தகௌரி, பக்கத்தில் பொன்னம்பலமும் வைரவனும், பின்னால் தெரு நிறைய ஆட்கள். கையில் ஒரு தட்டில் பழமும் பூவும்கூட வைத்திருந்தார்கள்.

"ஊரு உன் மேல எவ்வளவு பிரியமா இருக்குன்னு உனக்கே தெரியும் சௌந்தரம்" என்று அமிர்தகௌரி ஆரம்பித்தாள். "சாயந்தரம் ரெண்டு மணி நேரம் கதவையும் சன்னலையும் தொறந்து வச்சாப் போதும். யாரும் உள்ள வரமாட்டாங்க. வாசல்ல பெஞ்சு போட்டு உக்காந்துக்குவோம்."

"எதுக்கு?"

"பழகிருச்சுல்ல."

பொன்னம்பலம் கனிவாகச் சொன்னார்: "மறைக்கிறதுக்கு உங்கிட்ட இனி என்னம்மா இருக்கு? எல்லாத்தையும்தான் நாங்க பாத்துட்டமே. மறைக்க ஒண்ணும் இல்லாதவங்க கதவைச் சாத்துவாங்களா?"

சௌந்தரவல்லி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லா முகமும் அவளுக்குக் கவுண்டருக்கு அந்தப் பக்கமாகத் தெரிந்த முகங்கள்.

"அதுவும் நியாயந்தான் சார்" என்றாள். "அப்ப எல்லாருமே தொறந்துருவோம். இத்தனை வருசமா யார் யாருக்கு என்ன மருந்து சுத்திக் குடுத்தேன்னு இங்கயே நின்னு சொல்றேன். அமிர்தகௌரியக்காகிட்ட இருந்து ஆரம்பிக்கவா? இல்ல, சாருகிட்ட இருந்தா?"

அமிர்தகௌரியின் கை தன் கழுத்துக்குப் போனது. பொன்னம்பலம் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார், தன்னுடைய உதட்டையும் யாரோ படித்துவிடுவார்கள் என்பதுபோல. பின்வரிசையில் இருவர் மெதுவாகத் திரும்பி நடந்தார்கள். அந்தப் பயத்தைப் பார்க்கையில் சௌந்தரவல்லியின் நாக்கில் ஒரு இனிப்பு ஊறியது. மாதக்கணக்கில் அவள் வாய்க்கு எதுவும் ருசித்ததில்லை. அது ருசித்ததே என்று உடனே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"பயப்படாதீங்க. சொல்லமாட்டேன். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை" என்று கதவைச் சாத்தினாள்.

சொல்லியிருந்தால் ஒருவேளை மன்னித்திருப்பார்கள். ஆளுக்கு ஆள் சிரித்து, அழுது, அடித்துக்கொண்டு, அதுவும் இன்னொரு படிக்கட்டுப் பேச்சாகக் கரைந்திருக்கும். சொல்லாததைத்தான் ஊரால் பொறுக்க முடியவில்லை. இத்தனை வருடமாக அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்பது, எல்லோருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்த மாதிரி இருந்தது. "நம்ம வீட்டு விசயத்தையெல்லாம் மனசுல பூட்டி வச்சுக்கிட்டு, நம்ம மூஞ்சிக்கு எதிர்க்கவே நின்னுருக்கா பாரு" என்றார்கள். "பாக்காத மாதிரியே இருந்து எல்லாத்தையும் பாத்திருக்கா" என்றார்கள். வறண்ட குளத்துப் படியில் நடந்த கூட்டத்தில் பொன்னம்பலம் எழுந்து, குரல் தழுதழுக்க, "மனுசன்னா ஒரு மறைவு வேணாமாய்யா?" என்று கேட்டார். அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும், வேண்டும் வேண்டும் என்று தலையாட்டினார்கள்.

கடைக்கு ஆள் வருவது நின்றது. காய்ச்சல் மாத்திரைக்குக்கூடப் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறினார்கள். வைரவன் மறுபடியும் காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "நீ தப்பு செஞ்சேன்னு நான் சொல்லலைம்மா" என்றார். அவள் கவுண்டரிலிருந்த கத்தரிக்கோலை அதன் இடத்தில் வைத்துவிட்டு இறங்கினாள். ஊரை விட்டுப் போகும்போது தெரு முழுக்கக் கதவுகள் சாத்தியிருந்தன. அவள் கண்ணில் எதுவும் பட்டுவிடக் கூடாதே என்று.

கடலோரமாக, அவளை யாருக்கும் தெரியாத கரைமேடு என்ற ஊரில், ஒரு வீட்டின் பின்கட்டை வாடகைக்கு எடுத்தாள். முதல் நாள் கதவைத் தாழிட்டுவிட்டு நடு வீட்டில் உட்கார்ந்தாள். உட்காரும்போதே சேலையைச் சரிசெய்துகொண்டாள். முதுகு தானாக நிமிர்ந்தது. காலை நீட்டிப் பார்த்தாள், உடனே மடக்கிக்கொண்டாள். இங்கே குளம் இல்லை, கடல்தான், கடலில் ஒன்றும் தெரியவில்லை என்று வரும் வழியிலேயே இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். ஆனாலும் உடம்பு நம்பவில்லை.

சாயந்தரம் கதவு தட்டும் சத்தம். திறந்தாள். தலையில் முக்காடு போட்ட ஒரு பெண், கையில் மூடிய கிண்ணத்தோடு, வாசற்படிக்குக் கீழே நின்றாள்.

"எதிர்க்கட்டுல இருக்கேங்க. பேரு மைமூன். புதுசா வந்திருக்கீங்களேன்னு கொஞ்சம் குழம்பு கொண்டாந்தேன். உள்ள வரலாங்களா?"

சௌந்தரவல்லிக்கு அந்தக் கேள்வி புரியக் கொஞ்ச நேரமானது. இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. கேள்வி என்றால் அதற்கு இரண்டு பதில் உண்டு என்பதை மெல்ல யோசித்து, "வேண்டாங்க" என்றாள்.

"சரிங்க" என்றாள் மைமூன். முகம் சுருங்கவில்லை. கிண்ணத்தைப் படியில் வைக்கலாமா என்று யோசித்து, அதையும் வைக்காமல், திரும்பிப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டுச் சௌந்தரவல்லி காத்திருந்தாள். திரும்பி வருவாள், சன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாள், ஏன் வேண்டாம் என்று கேட்பாள். யாரும் வரவில்லை. காலடிச் சத்தமே இல்லை. அதை நம்ப முடியாமல், கதவுப் பலகையின் இடுக்கில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள்.

எதிர்க்கட்டு முற்றத்தில் மைமூன் தெரிந்தாள். கிண்ணத்தைத் துவைகல்லில் வைத்துவிட்டு, தன்னை யாரும் பார்க்கவில்லை என்கிற நிம்மதியில், முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். புருசனா, பிள்ளையா, வந்த இடத்தில் பேசத் துணைக்கு யாரும் இல்லையா, நாம் வேண்டாம் என்று சொன்னதாலா, இல்லை பழைய அழுகையா என்று சௌந்தரவல்லிக்குள் ஒரு கூட்டமே உட்கார்ந்து பேச ஆரம்பித்தது. கண்ணை எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு எடுத்தாள். கதவில் முதுகைக் கொடுத்து, அந்த இடுக்கைத் தன் தோளால் அடைத்துக்கொண்டு, எதிர்க்கட்டில் அழுகை ஓய்கிற வரைக்கும் அப்படியே நின்றாள்.